135 கேட்டேன், 110 வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மண்மேடு கட்டிச் சைக்கிளில் தாண்டும் பிள்ளைகளைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. கட்டுரையின் கடைசிப் பத்தியில், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பழுதானால் தரமான வேறு ஹப் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. 'தரமான' என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் 3,150 ரூபாயும் ஏழு வாரமும் கொடுத்திருக்கிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதானால் என்னைப் பற்றி எழுதியிருப்பதை வெட்டுங்கள், அளவுகளை வெட்டாதீர்கள்.

நான் உச்சிப்புளியில் 1979 முதல் 2016 வரை சைக்கிள் கடை வைத்திருந்தவன். எட்டு வாடகைச் சைக்கிளோடு தொடங்கினேன், மணிக்கு 50 காசு. என் அப்பா மாட்டுவண்டிச் சக்கரம் செய்த தச்சர். வட்டை, ஆரக்கால், குடம், கடையாணி என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று எல்லோரும் ஹப் என்று சொல்வதுதான் அப்பாவின் குடம். அதை அவர் கருவேல மரத்தில் செய்வார். நாட்டுக் கருவேலத்தைச் சொல்கிறேன், மாவட்டம் முழுக்க மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை அல்ல. ஆனால் அதையும் நான் திட்டமாட்டேன். அதன் முள் குத்திய பஞ்சர்களை ஒட்டித்தான் கடைக்கு வாடகை கட்டினேன்.

மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். போன ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, மண்மேடு தாண்டுவதற்கென்றே செய்த, யாரோ ஓட்டிப் பழசான டர்ட் ஜம்ப் சைக்கிள் ஒன்றைப் பிரித்து, அட்டைப் பெட்டியில் கட்டித் திருச்சி விமான நிலையம் வழியாகக் கொண்டுவந்தான். பேரனுக்கு 15 வயது. பெட்டியைப் பிரித்துக் கோத்தது நான். 26 அங்குலச் சக்கரம், தடித்த டயர், உட்கார முடியாத அளவுக்குத் தாழ்ந்த சீட், முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த போர்க் (முன் கவை). கியர் கிடையாது. செயின் ஓடும் சக்கரத்தில் முன்னால் 32 பல், பின்னால் 16 பல். பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், முன் சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லை. மகனிடம் கேட்டேன். "இந்த வகையில் பலரும் முன் பிரேக் வைப்பதில்லை அப்பா, அந்தரத்தில் ஹேண்டில்பாரைச் சுழற்றும்போது கேபிள் இடைஞ்சல்" என்றான். பிரேக் பிடிக்காத சைக்கிளைக் கடையை விட்டு வெளியே அனுப்பாதவன் நான். அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிய பிறகு பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து உள்வாயில் இரண்டு மேடு கட்டினார்கள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. முதலில் மணலைக் குவித்தார்கள். அது ஒரே தாண்டலில் கரைந்தது. பிறகு கண்மாய்க் கரம்பையை வெட்டி, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் அடித்து அடித்து வழவழவென்று ஆக்கினார்கள். சாயங்காலம் நானும் போய்க் கரையில் உட்கார்ந்துவிடுவேன். மேல்பார்வை என்று வீட்டில் சொல்லிக்கொள்வது. உண்மையில் பார்க்க ஆசை. அந்தரத்திலிருந்து இறங்கும்போது பின் சக்கரம்தான் முதலில் மண்ணைத் தொடும். கொஞ்சம் கோணலாக இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். அந்த அடி டயரில் பாதி போய், ரிம்மில் கொஞ்சம் போய், ஸ்போக்ஸ் வழியாக ஹப்பின் உள்ளே இருக்கும் கடுகு போன்ற குண்டுகளில் போய் முடியும் என்று தெரிந்தவனுக்குக் கைதட்ட வராது.

ஆனால் ஹப் செத்தது தாண்டியதால் அல்ல. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புரட்டாசியில் ஒரு நாள். பேரன் மேட்டை நோக்கி மிதித்து வருகிறான். கடைசி மிதியில் பெடல் 'கடக்' என்று வெற்றாக இறங்கிவிட்டது. கால் நழுவி, பெடலில் இருக்கும் ஆணிகள் கெண்டைக்கால் எலும்போடு சேர்த்துக் கிழித்தன. நான்கு தையல். அவன் அப்பத்தா சைக்கிளைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொன்னாள். நான் தூக்கித் திண்ணையில் தலைகீழாக வைத்தேன்.

ஹப்பைப் பிரித்தால் உள்ளே கிரீஸ் இல்லை. செங்காவி நிறத்தில் குழம்பு இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன் (சிரிக்காதீர்கள், கடலோரத்து மெக்கானிக் எல்லோரும் செய்வதுதான்). உப்பு. பேரனைக் கூப்பிட்டேன். "ஐயா, அடிக்காதீர்கள்" என்று தொடங்கித்தான் சொன்னான். ஆடி மாதம் நண்பனின் அப்பா ஓட்டும் லோடு வண்டியில் நான்கு சைக்கிளை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே அலைக்குள் சைக்கிளை இறக்கி, தண்ணீர் தெறிக்கத் தெறிக்கப் படம் எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மேலே மட்டும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, என்னிடம் மூச்சு விடவில்லை. பதினோரு நாளில் சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வந்திருக்கிறது. அதையும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அப்படியே தாண்டியிருக்கிறான்.

குண்டுகள் அடைத்த வளையமான பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதை ஹப்பின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பேரிங் விரலால் அழுத்திப் போகக் கூடாது. பிரஸ் வைத்து இறுக்கித்தான் இறங்க வேண்டும். துருவேறி இறுகிய பேரிங், வெளி வளையத்தோடு சேர்ந்து ஹப்புக்குள் சுழன்று அலுமினியத்தைத் தேய்த்துவிட்டது. பெடல் நழுவியதற்குக் காரணம் வேறு. ஹப்பின் உள்ளே பல் வைத்த வளையம் ஒன்றும், அதில் போய் மாட்டிக்கொள்ளும் நாக்குப் போன்ற சிறு எஃகுத் துண்டுகளும் இருக்கும். மிதித்தால் மாட்டும், மிதிக்காவிட்டால் சரசரவென்று வழுக்கும். அந்த நாக்கைத் தூக்கிவிடும் ஸ்பிரிங் உப்பில் இற்று, மூன்றில் ஒரு நாக்குதான் வேலை செய்துகொண்டிருந்தது. மற்ற இரண்டின் பாரமும் அதன் மேல் விழுந்து பல்லின் விளிம்பு மழுங்கியிருந்தது. நகத்தால் தடவினாலே தெரிந்தது.

உப்பைப் பற்றி இந்தக் கரையில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோகங்களின் அரிமானத்தைப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று எங்களுக்குப் பக்கத்து ஊரான மண்டபம் என்றால் பாருங்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது, பராமரித்துக்கொண்டே இருந்ததால். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குக் கான்கிரீட்டின் உள்ளே போடும் கம்பியையே துருப்பிடிக்காத எஃகில் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் அலைக்குள் இறக்கிய ஹப் என்ன ஆகும்? கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் ஓட்டுகிறவர்கள் நல்லது என்று சொல்லும் ஹப் இங்கேயும் நல்லதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் கட்டுரையாளர் இதை நினைத்திருக்க வேண்டும்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். பேரன் தொலைபேசியில் தேடி, 'டர்ட் ஜம்ப் பின் ஹப்' என்று போட்டிருந்த ஒன்றைக் காட்டினான். படத்தில் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அளவு எதுவும் போடவில்லை. விற்பவர்களின் எண்ணில் பேசினேன். "அகலம் 135 மில்லிமீட்டர் தானே?" என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். "ஆமாம் சார், எல்லா டர்ட் பைக்கிற்கும் பொருந்தும். உங்கள் வண்டி 100 சிசியா, 150 சிசியா சார்?" என்றாள். அந்த இடத்திலேயே நான் தொலைபேசியை வைத்திருக்க வேண்டும். பேரனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டச் சொன்னேன்.

வந்தது பிஎம்எக்ஸ் ஹப். 20 அங்குலச் சக்கரம் வைத்த சின்னச் சைக்கிளுக்கு உரியது. அகலம் 110 மில்லிமீட்டர், அச்சு 14 மில்லிமீட்டர், டிஸ்க் மாட்ட இடமே இல்லை. பொருளில் குறை ஒன்றுமில்லை. நல்ல உருப்படி, நல்ல கடைசல். எங்கள் சைக்கிளுக்குத்தான் அது ஆகாது. திருப்பி அனுப்புகிறேன் என்றால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்றார்கள். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பொருளில் பழுது இல்லாததால் பணம் திரும்பாது என்று நான்காவது வாரம் பதில் வந்தது. உச்சிப்புளி லேத் பட்டறைத் தம்பியிடம் காட்டினேன். "இரண்டு பக்கமும் பன்னிரண்டரை மில்லிமீட்டருக்கு வளையம் கடைந்து போட்டால் 135 ஆகிவிடும் அண்ணே" என்றான். கணக்குச் சரிதான். ஆனால் 14 மில்லிமீட்டர் அச்சை உட்கார வைக்க, 10 மில்லிமீட்டருக்கு வெட்டியிருக்கும், பின் சக்கரம் உட்காரும் கவையின் வாயை அரத்தால் ராவ வேண்டும். அந்தக் கவையில் பேரன் ஆறடி உயரத்திலிருந்து இறங்குவான். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பங்குத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். 37 ஆண்டு சைக்கிள் பழுது பார்த்தவன், அளவு போடாத பொருளுக்குப் பணம் கட்டியிருக்கக் கூடாது.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. பழைய ஹப்பைத் தூக்கிப் போடாமல் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். வெர்னியர் இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பின் கவையின் இரண்டு வாய்களுக்கும் நடுவே உள்ள அகலம் முதலாவது. டர்ட் ஜம்ப் சைக்கிளில் பெரும்பாலும் 135 இருக்கும், 10 மில்லிமீட்டர் அச்சில் நட்டோ போல்ட்டோ வைத்து இறுக்குவது. சில சைக்கிளில் 142 என்றும் 12 மில்லிமீட்டர் அச்சு என்றும் இருக்கும். அதுவும் அடிப்படையில் அதே 135 தான். இரண்டு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர் கவைக்குள் புதைந்து உட்காரும். பக்க மூடியை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் பொருந்துகிற ஹப்புகள் உண்டு. முன்பக்கம்தான் குழப்பம் அதிகம். 9 மில்லிமீட்டர் அச்சுக்கு 100 அகலம், 15 மில்லிமீட்டருக்கும் 100 அகலம், 20 மில்லிமீட்டருக்கு 110 அகலம். எங்கள் போர்க் 20 மில்லிமீட்டர். ஆக, இந்தச் சைக்கிளின் முன் ஹப்புக்கும் 110, எனக்கு வந்த பிஎம்எக்ஸ் பின் ஹப்புக்கும் 110. வெறுமனே '110 இருக்கிறதா' என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் எந்தக் கடைக்காரரும் சொல்வார்.

ஸ்போக்ஸ் துளை எத்தனை என்று எண்ணுங்கள். ரிம்மில் எத்தனையோ, ஹப்பிலும் அத்தனை. நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40. இந்தச் சைக்கிள்களில் 32 அல்லது 36. எங்களுடையது 32. ரிம்மையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் 36க்குப் போங்கள் என்பேன், எடை கொஞ்சம் கூடினாலும்.

டிஸ்க் தட்டு மாட்டுவதில் இரண்டு வகை. ஆறு திருகு போட்டு இறுக்குவது ஒன்று. ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தார் கொண்டுவந்த, பல் பல்லாக இருக்கும் தண்டில் செருகி ஒரே வளையத்தால் இறுக்குவது இன்னொன்று. இரண்டாவது பார்க்க அழகு, மாற்றுவதும் சுளுவு. ஆனால் அந்த வளையமும் அதைத் திருகும் சாவியும் ராமநாதபுரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு திருகும் 5 மில்லிமீட்டர் திருகு. ஒன்று துருவேறினால் ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நான் ஆறு திருகுக் கட்சி.

பேரிங்கில்தான் கொஞ்சம் நிற்கவேண்டும். இன்றைய ஹப்புகளில் பெரும்பாலும் மொத்தமாக அடைத்த பேரிங்தான் வருகிறது. அதன் ரப்பர் மூடியில் ஒரு எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 00 என்றால் உள் விட்டம் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம். உலகம் முழுக்க ஒரே கணக்கு. ஜப்பானில் செய்தாலும் செக் நாட்டில் செய்தாலும் இந்தியாவில் செய்தாலும் எண் ஒன்றென்றால் அளவு ஒன்றுதான். எங்கள் பழைய ஹப்பில் இருந்தது 6902. உள்ளே 15, வெளியே 28, தடிமன் 7. ராமநாதபுரத்தில் பேரிங் கடைக்காரரிடம் கேட்டேன். மதுரைக்குச் சொல்லிவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றார். 6001 கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். மோட்டார்களுக்கு அன்றாடம் போகிற சரக்கு. 6001க்கு உள்ளே 12, வெளியே அதே 28, தடிமன் 8. வெளி விட்டம் மாறாமல் உள் விட்டம் சிறிதானால் நடுவே குண்டுக்கு இடம் கூடும். பெரிய குண்டு, கூடுதல் பாரம் தாங்கும். அச்சு 15இலிருந்து 12ஆக மெலிகிறதே என்று கேட்கலாம். பழையது அலுமினியக் குழல். 12இல் நல்ல எஃகு அச்சு என்றால் எனக்குக் கவலையில்லை. எடைக்கு அஞ்சுகிறவர்கள் வேறு சொல்வார்கள். அவர்கள் பந்தயத்துக்குப் போகிறவர்கள்.

ஆகவே எந்த ஹப் என்று முடிவு செய்ததே இந்தப் பேரிங் கடையின் அலமாரிதான். பாம்பனில் உடைந்தால் ராமநாதபுரத்தில் பேரிங் கிடைக்க வேண்டும். எண்ணோடு '2ஆர்எஸ்' என்று போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. 'இசட்இசட்' என்றால் தகட்டு மூடி. தகடு தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இந்தக் கரையில் ரப்பர்தான்.

அடைத்த பேரிங்கே வேண்டாம், பழைய முறையில் கோனும் குண்டும் இருந்தால் போதும் என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் ஆசைதான். பின் சக்கரத்துக்குக் கால் அங்குலக் குண்டு பக்கத்துக்கு ஒன்பது, கிரீஸில் ஒட்டி ஒட்டி அடுக்கும்போது அது ஒரு தியானம். ஆனால் குண்டுகள் உருளும் கிண்ணம் சொறிபிடித்தால் ஹப்பையே தூக்கிப் போட வேண்டியதுதான். மேலும், பின் பல்சக்கரமும் நாக்கும் ஒன்றாய் இருக்கும் ஃப்ரீவீலைத் திருகி மாட்டுகிற ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே அச்சு ஆதரவில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டை ஏற்றிய சைக்கிள்களில் அந்த இடத்தில்தான் அச்சு வளையும். எத்தனை நூறு அச்சு மாற்றியிருப்பேன்! ஷிமானோ நிறுவனத்தார் 1978இல் பேரிங்கை வலப்பக்க ஓரத்துக்குத் தள்ளிவைத்த, நாக்கு ஹப்போடு சேர்ந்தே இருக்கும் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தார்கள். தாண்டுகிற சைக்கிளுக்கு 10 மில்லிமீட்டர் அச்சில் ஃப்ரீஹப்தான் சரி. ஃப்ரீவீல் ஹப் விலை மலிவு என்று போகாதீர்கள்.

இனிப் பேரனுக்கும் எனக்கும் நடந்த சண்டை. ஹப்பை விற்கிறவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கும் வளையம் எத்தனை பல்லில் பிடிக்கும் என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 24, 36, 54, 72 என்று ஏறிக்கொண்டே போகிறது. பேரனுக்கு 72 வேண்டும். ஏன் என்றால், சத்தம். விட்டில் பூச்சிக் கூட்டம் போலச் சீறிக்கொண்டு வரும் சத்தம். "ஐயா, சத்தம் வந்தால்தான் வருவது தெரியும்" என்றான். மணி வைத்துக்கொள் என்றேன்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 24 பல் என்றால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 15 டிகிரி. செயின் சக்கரத்தில் பின்னால் 16, முன்னால் 32 பல் இருப்பதால் பெடலில் அது பாதியாகி ஏழரை டிகிரி. பெடலைத் தாங்கும் 170 மில்லிமீட்டர் கிராங்கில் கால் வெற்றாக நகரும் தூரம் 22 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கும் குறைவு. 72 பல் என்றால் ஏழு மில்லிமீட்டர் சொச்சம். வித்தியாசம் ஒரு விரல் அகலம். பாறையில் நின்று நின்று ஏறுகிறவர்களுக்கு அந்த விரல் அகலம் முக்கியமாக இருக்கலாம். இரண்டு மிதி மிதித்துவிட்டு அந்தரத்தில் பறக்கிறவனுக்கு அதனால் என்ன? ஒரே வளையத்தில் 72 பல் வெட்டினால் ஒவ்வொரு பல்லும் சிறியதாகத்தான் இருக்கும். நாக்குகள் மாறி மாறிப் பிடிக்கும்படி வைத்தும் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், அப்போது ஒரு நேரத்தில் பிடிக்கிற நாக்கு பாதிதான். டிடி சுவிஸ் நிறுவனத்தார் நாக்கே இல்லாமல், பல் வைத்த இரண்டு வளையங்களை முகத்தோடு முகம் ஸ்பிரிங்கால் அழுத்தி வைக்கிறார்கள். பல் அத்தனையும் ஒரே நேரத்தில் மாட்டும். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது, விலை பிடிக்கவில்லை. முடிவில் 36க்கு இருவரும் இறங்கி வந்தோம். சத்தத்தைப் பொறுத்தவரை, நாக்கில் கிரீஸைக் குறைத்தால் எந்த ஹப்பும் கத்தும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொள்வான்.

கடைசியில் மதுரைக் கடைக்காரர் ஒருவர் வாய்த்தார். அளவுகளைச் சொன்னதும், "இருங்கள் ஐயா" என்று பத்து நிமிடம் அவகாசம் கேட்டார். பிறகு, வெர்னியரின் வாயில் ஹப் இருக்கும் படம் வந்தது. முள் 135இல் நிற்கிறது. அடுத்த படத்தில் பேரிங் எண், அதற்கடுத்ததில் ஸ்போக்ஸ் துளை வட்டத்தின் விட்டம். 4,600 ரூபாய், பேரம் பேசவில்லை.

அந்த மூன்றாவது படம் எதற்கு என்று பேரன் கேட்டான். ஹப்பின் விளிம்புத் தட்டு பெரிதானால் ஸ்போக்ஸ் நீளம் குறையும். பழைய ஹப்பில் துளை வட்டம் 45 மில்லிமீட்டர், புதியதில் 58. ஒவ்வொரு ஸ்போக்ஸும் மற்ற மூன்றைக் குறுக்கிடும்படி கோத்தால் பழையதற்கு 263 மில்லிமீட்டர், புதியதற்கு 261. நான் கண் மதிப்பில் சொன்னேன், அவன் தொலைபேசியில் கணக்குப் போட்டுச் சரி என்றான். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று பழைய ஸ்போக்ஸையே போட்டால், ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி முனை வெளியே வந்து டியூபைக் குத்தும். ஏற்கெனவே நெளிந்து பழகிய ஸ்போக்ஸ் வேறு. துருப்பிடிக்காத எஃகில் புதியது 32 வாங்கினோம். நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிளும் வருகிறது, எடை குறைவு என்பார்கள். எஃகுக் கம்பியும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து இறுகிவிடும். பிறகு கோட்டம் எடுக்கச் சாவி போட்டால் நிப்பிள்தான் உடையும்.

சக்கரத்தைக் கட்டியது பேரன், பக்கத்தில் உட்கார்ந்து வாயை அடக்கிக்கொண்டிருந்தது நான். கோட்டம் எடுக்க அவனுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. கால் மணியில் முடிகிற வேலை. கிரீஸுக்காகக் கீழக்கரையில் படகு என்ஜின் பார்க்கும் காக்காவிடம் (அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) போனேன். தண்ணீரில் கரையாத படகுக் கிரீஸ் ஒரு டப்பா தந்தார். அச்சு, திருகு, அலுமினியமும் எஃகும் சேரும் இடம் எல்லாவற்றுக்கும் அதைப் பூசினோம். நாக்குகளுக்கு மட்டும் அது ஆகாது. கெட்டிக் கிரீஸில் நாக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாது, மறுபடி பெடல் நழுவும். அங்கே இளகிய கிரீஸ் ஒரு பொட்டு. மாதம் ஒரு முறை ஃப்ரீஹப்பை இழுத்துத் துடைத்துப் போட வேண்டும் என்று எழுதி, சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அலைக்குள் இறக்கக் கூடாது என்பதை எழுதவில்லை. அதற்குத்தான் காலில் நான்கு தையல் இருக்கிறது.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டதால் மேடுகள் உள்ளே கிடக்கின்றன. பிள்ளைகள் கரைக்கு வெளியே புறம்போக்கில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன், கரகரப்பு இல்லை.

உங்கள் நாளிதழில் விளம்பரம் கொடுப்பவர்களில் உதிரிபாகம் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஹப் விற்றால் அகலம், அச்சின் விட்டம், துளை எண்ணிக்கை, பேரிங் எண் என்ற நான்கையும் பொருளின் பெயருக்குக் கீழேயே போடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். விலையைப் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தொலைபேசியில் பதில் சொல்ல உட்கார்த்தி வைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ஹப்பைக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் கண்ணால் பார்க்காத பொருளை விற்கச் சொன்னவர்கள் மேல்தான்.

அந்த 110 ஹப் இன்னும் என் திண்ணைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பிஎம்எக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் யாருக்காவது தேவைப்பட்டால், உச்சிப்புளியில் பழைய வாடகைச் சைக்கிள் கடை எது என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காசு வேண்டாம். கவையை அளந்து, எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் சைக்கிள் கடைக்காரன்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.